கரும்பலகையும் ஆட்சிக்கட்டிலும்

வாய்வீச்சால் ஆட்சிக்கட்டில் ஏறியோர் உலகிற் பலர். கேட்போரை அறிவுடையோராக மதித்து, விளக்கி விளக்கியே ஏறியவர் மிகச் சிலர். கனடாவின் கியூபெக் மாநிலத்து இரெனே இலெவேக் அச்சிலருள் ஒருவர்.

1922-இல் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையுடன் செய்தியாளராகச் சென்றார். பின்னர்க் கனடிய அரசு வானொலியின் பிரெஞ்சுப் பிரிவிற் பணியேற்றார். 1956-இல் தொடங்கிய அவர்தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கருவிகள் கரும்பலகையும் நிலப்படமும் சுண்ணக்கட்டியுமே. (கையில் ஓயாத வெண்சுருட்டும் உண்டு, அதனை யாம் போற்றவில்லை.) சூயசுக் கால்வாய்ச் சிக்கலைத் தொழிலாளியும் உணருமாறு தாய்மொழியில் எளிதாக விளக்கினார். வகுப்பறையிலேயே காலங்கழித்த எமக்கு அக்கரும்பலகைமேல் தனியன்பு உண்டென்பதை மறைப்பானேன்?

1958 திசம்பர் இறுதியில், மொன்றியால் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி ஆக்குநர்கள் தொழிற்சங்க உரிமை வேண்டி வேலைநிறுத்தஞ் செய்தனர். இலெவேக்கு உடன் நின்றார். இரண்டு திங்களுக்கு மேலாக ஒட்டாவா நடுவணரசு வாளாவிருந்தது. ஆங்கிலப் பிரிவு இவ்வாறு முடங்கியிருப்பின் பொறுத்திருப்பரோ? இவ்வினாவே செய்தியாளரை அரசியலுக்கு ஈர்த்தது.

1960-இல் தாராண்மைக் கட்சியின் சார்பில் வென்று அமைச்சரானார். மாநிலத்தின் மின்னாக்கம் பெரிதும் தனியார் குழுமங்களின் கையில் இருந்தது. அங்கே பிரெஞ்சுமொழிப் பொறிஞர்க்கு உயர்பதவி எட்டாக்கனி. மீண்டும் சுண்ணக்கட்டியை எடுத்தார். 1962 தேர்தல் மின்னாற்றலைப் பற்றியதாகவே நடந்தது; மறு ஆண்டே அக்குழுமங்கள் நாட்டுடைமையாயின.

1968-இல் தனிநாட்டுக் கோரிக்கையுடன் கியூபெக்குக் கட்சியைக் கண்டார். 1970-இல் அக்கட்சி நூற்றுக்கு 23 வாக்குப் பெற்றும் 108 இடங்களில் ஏழே கிடைத்தன. அத்தேர்தலிலும் 1973-இலும் அவரே தோற்றார். 1976-இல் ஆட்சி கிட்டியது.

1977 ஆகத்தில் வந்த மொழிச்சட்டம் பணிமனையிலும் பெயர்ப்பலகையிலும் குடியேறியோர் பிள்ளைகளின் பள்ளியிலும் பிரெஞ்சை அமர்த்தியது. வரைந்தவர் அமைச்சர் கமீல் உலோரன். இலெவேக்கோ, தன் மொழியைக் காக்கச் சட்டம் இயற்ற வேண்டிய நிலைக்கே நாணினார். அந்நாணம் எமக்கு உடன்பாடன்று. பயிரை மேய்ந்த மாடு நாணாதபோது வேலியிட்டவர் நாணுவானேன்? ஆயினும், வாக்காளரன்றிக் குழுமங்கள் கட்சிகட்குப் பணந் தரலாகாதென்று அவ்வாண்டே சட்டஞ் செய்த கை அது; அதனை வணங்குகிறோம்.

1980 பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபதின்மர் அளவினர் மறுத்தனர். முடிவை ஏற்று, அடுத்த முறை காண்போம் என்றார். 1985-இல் பதவி நீங்கி, 1987 நவம்பர் முதல் நாள் மறைந்தார்.

ஆங்கில ஆளுநர் தார்ச்செசுடர் பெயரைத் தாங்கியிருந்த மொன்றியால் பெருந்தெரு அவ்வாண்டே இலெவேக்குத் தெருவாயிற்று. அரசு மின்னிறுவனத்தின் தலைமையகமும் அத்தெருவிலேயே உள்ளது. அதே தெரு வெசுட்டுமவுண்டு என்னும் ஆங்கிலர் நகர்க்குள் நுழைந்ததும் பழம்பெயரையே இன்றும் தாங்குகிறது.