விவசாயச் சபைகளில் விவாத ஒழுங்கு

கோவிற்பட்டிக் கரிசல் பூமியில் சம்சாரிகள் கூடிச் சாகுபடி விஷயங்களைப் பேசும் சபைகளில், அக்கிராசனர் ஒருவர் பேச்சை இடைமறித்து, "எந்த நிலம்? எந்தத் தேதியில் விதைப்பு?" என்று வினவினால், பேசியவர் அதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வதுண்டு. அனுபவசாலியை வாயடைத்துவிட்டார்கள் என்ற முணுமுணுப்பும் உடனே எழும். அவ்வினாவின் காரணம் விளங்காமையே இம்மனத்தாங்கலுக்கு மூலம்.

புழுதி விதைப்பை எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே சோளம் விதைத்து நல்ல பலன் கண்டதாக ஒருவர் கூறுவார்; விதை முழுதும் பாழாயிற்று என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் மெய்யாயிருக்கலாம். முன்னவர் விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டிருப்பார். பின்னவர் மேலாக விதைத்து, சிறு தூற்றலில் முளைத்த பயிர் அடுத்த மழைக்குள் கருகக் கண்டிருப்பார். ஆழத்தையும் தேதியையும் விட்டுப் பலனை மட்டும் சொன்னால், கேட்போர் எதனைப் பின்பற்றுவது? மானாவாரியில் தவறிய விதைப்பை மறுமுறை செய்யப் பருவம் இடங்கொடுப்பது அரிது. விதையும் உழவுக்கூலியும் போனவை போனவைதாம். 1901ஆம் ஆண்டில் தோன்றிய கோவிற்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் நிபுணரும் இதே வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவரே.

கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்துச் சொல்லவேண்டும் என்பது மற்றொரு விதி. வியாபாரி தம் தொழிலை முதலில் வெளியிட்டுப் பேசவேண்டும் என்பது அதனினும் முக்கியமானது. 2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதலிற் காணப்பட்ட படைப்புழு, அவ்வாண்டிலேயே இப்பகுதி மக்காச்சோளத்திலும் புகுந்து சேதம் விளைத்தது. அத்தகைய கலக்கத்தில் மருந்து விற்பவர் விவசாயியைப் போல் எழுந்து தம் சரக்கைப் புகழ்வது, சபைக்குச் செய்யும் துரோகமேயாகும். பட்டா, நிவாரணம் பற்றிய முறையீடுகளுக்கோ கலெக்டரின் மாதாந்தரக் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது.

சபையே வேண்டாம், நிபுணர் சொல்வதைக் கேட்டால் போதும் என்பாரும் உளர். 1956இல் பூனா வானொலி நிலையத்தார், 150 கிராமங்களில் மன்றங்கள் அமைத்து, ஒலிபரப்பைக் கேட்டபின் கூடி விவாதிக்கச் செய்தனர். மன்றமில்லாது வானொலி மட்டும் இருந்த கிராமங்களைவிட, விவாதித்த கிராமங்களிலேயே விஷயஞானம் மிகுதியாக வளர்ந்ததெனப் பின்னர் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று.

ஆயினும் விதி அக்கிராசனரையும் கட்டுதல் வேண்டும். காரணம் சொல்லாமல் ஒருவரை உட்காரச் செய்வது ஒழுங்காகாது. அது வெறும் அதிகாரம். இலாகாவின் சிபாரிசுக்கு மாறான பலனை ஒருவர் முழு விவரத்துடன் கூறுவாராயின், அதனை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி ஆராய்ச்சிப் பண்ணைக்கு அனுப்புவதே முறை. பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தவர்களிடமிருந்தும் இத்தகைய செய்தி வரக்கூடும்.

இதில் கிராம நிர்வாக அலுவலருக்கும் பங்குண்டு. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்பது அடங்கலில் இருக்கிறது. மழையோ ஊருக்கு ஊர் மாறுகிறது. எட்டயபுரத்தில் பெய்த அன்று விளாத்திகுளம் காய்ந்து கிடக்கலாம். தம் கிராமத்தில் மழை பெய்த தேதிகளை அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிச் சபைக்குக் கொண்டுவருவாராயின், புழுதி விதைப்பைப் பற்றிய வழக்குகளிற் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.