பல் மருத்துவ நாற்காலியில் ஒரு மாயக் கண்ணாடி

சில மாதங்களுக்கு முன், இரவு பத்து மணியளவில், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தோளில் சுமந்தபடி அவளுடைய தந்தை நம் மருத்துவமனைக்கு வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஷிப்டைப் பாதியில் விட்டு வந்திருந்ததால் சீருடையைக்கூட மாற்றவில்லை. குழந்தையின் வலக் கன்னம் வீங்கியிருந்தது. காய்ச்சல் 102 டிகிரி. கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் தொடங்கிய சொத்தை, வேரில் சீழாகிக் கன்னம்வரை பரவியிருந்தது. எப்போதிருந்து வலி என்று கேட்டேன். "மூணு மாசமா சொல்லிக்கிட்டுதான் இருந்தா சார். ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வாயைத் திறக்கவே மாட்டேன்னு ஒரே அழுகை. திரும்பி வந்துட்டோம்" என்றார்.

குழந்தையை உள்நோயாளியாகச் சேர்த்து, நரம்பு வழியே மருந்து செலுத்தி, வீக்கம் தணிந்தபின் முழு மயக்கத்தில் அந்தப் பல் அகற்றப்பட்டது. மயக்கத்துக்கு உடல் தகுதி பார்த்துச் சான்றளிப்பது குழந்தைகள் நல மருத்துவனாகிய என் பணி. அந்தத் தாளில் கையொப்பமிடும்போது ஓர் எண்ணம் மனத்தை உறுத்தியது. மூன்று மாதங்களுக்கு முன் அவள் வாயைத் திறந்திருந்தால் அரை மணி நேரத்தில் சொத்தையை அடைத்து அனுப்பியிருக்கலாம். தந்தைக்கு ஒரு வாரச் சம்பளம் போயிருக்காது. அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில் சொத்தையைவிட அச்சத்துக்கே பங்கு அதிகம்.

அண்மைக் காலமாகப் பெற்றோர் சிலர் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி என்னிடம் கேட்கிறார்கள். குழந்தையின் கண்களை மூடியபடி ஒரு பெரிய கண்ணாடி, அதனுள் கடலும் மீன்களும், வெளியே பல் மருத்துவர் தம் வேலையைச் செய்கிறார், குழந்தை அழவில்லை. "இது நம்ம ஊருக்கு வருமா டாக்டர்?" என்பதே கேள்வி. மெய்நிகர் காட்சிக் கருவி எனப்படும் இந்த வி.ஆர். கண்ணாடியை நம் மருத்துவமனையும் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இது விளையாட்டுப் பொருளாக மருத்துவத்துக்குள் நுழைந்ததன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தீக்காய நோயாளிகளுக்காகப் பனி உலகம் ஒன்றைக் கணினியில் உருவாக்கினர். புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேளையில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து, பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனி உருண்டைகளை எறிந்துகொண்டிருப்பார். 2000ஆம் ஆண்டில் வளரிளம் பருவத்தினர் இருவரைப் பற்றி அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், சாதாரண வீடியோ விளையாட்டைக் காட்டிலும் இக்கருவி வலியை அதிகம் குறைத்ததாகப் பதிவு செய்தனர். அடுத்த ஆண்டே பல் சிகிச்சையிலும் அதைச் சோதித்தனர்.

இது எவ்வாறு பயனளிக்கிறது? 1965ஆம் ஆண்டு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர், தண்டுவடத்தில் வலிச் செய்திகளுக்கு ஒரு வாயில் இருப்பதாகக் கொள்ளலாம் என்றனர். மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகள் அந்த வாயிலைச் சற்றே மூடவோ அகலத் திறக்கவோ வல்லவை. அச்சத்துடன் ஊசியையே எதிர்பார்த்திருக்கும் குழந்தைக்கு வாயில் அகலத் திறக்கிறது. கவனம் வேறிடத்தில் லயித்திருந்தால் அது ஒருக்களிக்கிறது. கீழே விழுந்த குழந்தைக்கு நிலாவைக் காட்டி அழுகையை நிறுத்தும் நம் பாட்டிமார் செய்வதும் இதுவே. கண்ணாடி அந்த நிலாவைக் கண்ணருகே கொண்டுவந்து, சுற்றிலும் உள்ள விளக்கையும் கருவிகளையும் மறைத்துவிடுகிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மங்களூரைச் சேர்ந்த பல் மருத்துவர்கள், சிகிச்சைக்கு வந்த 5 முதல் 8 வயது வரையிலான 120 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டனர். கண்ணாடி அணிந்த குழந்தைகள் வலியும் பதற்றமும் குறைவாக உணர்ந்தனர். உமிழ்நீரில் அளக்கப்பட்ட கார்ட்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோனும் குறைந்திருந்தது. எனினும் இத்துறையின் ஆய்வுகள் பலவும் சிறியவை. எந்தக் குழந்தை கண்ணாடி அணிந்தது என்பதை மருத்துவரிடமிருந்தோ குழந்தையிடமிருந்தோ மறைக்க இயலாது என்பதால், முடிவுகளைச் சற்று நிதானத்துடனே ஏற்க வேண்டும்.

இனி எச்சரிக்கைகள். முதலாவது, இக்கண்ணாடி மரத்துப்போகச் செய்யும் ஊசிக்கு மாற்றன்று. கண்ணாடி இருக்கிறதே என்று ஊசியின்றிப் பல்லைத் தொடக் கூடாது. இரண்டாவது, எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மின்னும் காட்சிகள் தீங்காகலாம். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கண் மறைக்கப்படுவதே சில குழந்தைகளுக்குப் பேரச்சம். குழந்தைக்கு வலிப்பு வந்ததுண்டு எனில் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, இது வீட்டுக்கான பரிந்துரை அன்று. மெட்டா நிறுவனம் தன் கருவிகளுக்கான குறைந்தபட்ச வயதை 2023இல்தான் 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. மருத்துவர் அருகிலிருக்கச் சில நிமிடங்கள் அணிவது வேறு. வீட்டில் மணிக்கணக்கில் அணிவது வேறு. ஒரு குழந்தை அணிந்ததைத் துடைத்துத் தூய்மைப்படுத்தாமல் அடுத்த குழந்தைக்கு அணிவித்தால் கண்நோயும் பேனும் பரவும் என்பதை நாங்களும் மறக்கலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அதை என் பிழையிலிருந்து கற்றேன். பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஒரு சிறுவனிடம், "சும்மா பார்க்கத்தான் போகிறோம், ஊசியே இல்லை" என்று சொல்லிப் பல் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே ஊசி இருந்தது. அதன்பின் சாதாரணச் சளிக்கு என்னிடம் வந்தபோதுகூட அவன் தன் தாயின் முந்தானைக்குள்ளிருந்து வெளிவரவில்லை. கண்ணாடியும் அத்தகைய பொய்யாக மாறிவிடக் கூடாது. மீன்களைக் காட்டிவிட்டுச் சொல்லாமல் ஊசி குத்தினால், அடுத்த முறை அவன் கண்ணாடியையும் நம்ப மாட்டான். சொல், காட்டு, பிறகு செய் என்பது 1959 முதல் குழந்தைப் பல் மருத்துவத்தில் வழங்கிவரும் முறை. "இப்போது எறும்பு கடிப்பதுபோல் இருக்கும். வலித்தால் இடக்கையைத் தூக்கு, நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லி, கை தூக்கியவுடன் உண்மையிலேயே நிறுத்திய பிறகுதான் கண்ணாடிக்கு இடம்.

பொன்னேரி போன்ற ஊருக்கு இது ஆடம்பரம் அல்லவா, அந்தப் பணத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பல்துலக்கியும் பற்பசையும் கொடுக்கலாமே என்று உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சொத்தை வராமல் தடுப்பதே முதற்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஏற்கெனவே சொத்தை விழுந்த குழந்தைக்கு அது விடையாகாது. அச்சத்தால் சிகிச்சை நடவாத ஒவ்வொரு முறையும், மீஞ்சூரிலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ வரும் ஒரு குடும்பம் ஒரு நாள் கூலியை இழக்கிறது. இறுதியில் முழு மயக்கம் தேவைப்பட்டால் செலவு பன்மடங்கு. பெருநகரக் குழந்தைக்குக் கிடைக்கும் ஆறுதல் ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கும் மீனவரின் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் ஆடம்பரம் எதுவும் இல்லை.

பெற்றோருக்கும் பங்குண்டு. "சாப்பிடலேன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று வீட்டில் அச்சுறுத்தாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை அழிக்க எங்களுக்குப் பல வாரங்கள் ஆகின்றன. "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்து நிலைப்பற்களுக்கு இடம் காக்க வேண்டியவை. குழந்தையின் முதல் பிறந்தநாளையொட்டியே ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தச் சிறுமி மீள்பரிசோதனைக்கு மூன்று முறை வந்தாள். முதன்முறை நாற்காலியில் ஏறவில்லை. இரண்டாம் முறை பல் மருத்துவர் அவளிடம் சிறு கண்ணாடியைக் கொடுத்துத் தந்தையின் பற்களை எண்ணச் சொன்னார். மூன்றாம் முறை அவளே வாயைத் திறந்தாள். மற்றொரு சொத்தை அன்றே அடைக்கப்பட்டது. மூன்று முறையும் அந்தத் தந்தை விடுப்பு எடுக்க நேர்ந்தது. வி.ஆர். கண்ணாடி இருந்திருந்தால் அதில் ஒரு நாளாவது மிஞ்சியிருக்கலாம்; அதற்காகவே அது வேண்டும் என்கிறேன். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குழந்தைக்குப் பல் வலி இல்லாத ஒரு நாளில், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்காக மட்டும் அழைத்து வாருங்கள்.