இலாபம் எங்கிருந்து வருகிறது?

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் மைலோவும் மேகியும் நாள்தோறும் விற்பனையாகின்றன. இவற்றைத் தயாரிக்கும் நெஸ்லே மலேசியா நிறுவனம், 1989ஆம் ஆண்டு கோலாலம்பூர் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தன் இலாபத்தின் ஒரு பகுதியை அது பங்குதாரர்களுக்கு இலாப ஈவாக வழங்கி வருகிறது.

பிட்காயின் போன்ற மின்னிலக்க நாணயங்களை வாங்கி வைக்கும் நிதியத்திற்கோ கடையும் இல்லை, சரக்கும் இல்லை. வேறொருவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் முதலீட்டாளருக்கு இலாபம். 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 அமெரிக்க டாலரைத் தொட்ட பிட்காயின், அடுத்த நவம்பரில் 17,000 டாலருக்கும் கீழே சரிந்தது. 2024 டிசம்பரில் அது 100,000 டாலரைத் தாண்டியது உண்மைதான். ஆனால், இடையில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டிய குடும்பம் அதுவரை காத்திருக்க முடியுமா?

பங்கு விலையும் இறங்கும். 2024இல் நெஸ்லே மலேசியாவின் பங்கும் சரிவு கண்டது. விற்பனை குறைந்தால் இலாப ஈவும் குறையும். எனினும், அதற்கான காரணத்தை நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் படித்து அறியலாம்; நாணயத்திற்கு அத்தகைய கணக்கு இல்லை.

ஆகவே, கல்விக்கும் மருத்துவத்திற்கும் சேர்த்த பணத்தை மின்னிலக்க நாணயத்தில் போடுவது விவேகமன்று. இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட பிறகே முதலீடு செய்ய வேண்டும்.