கலங்கிய கங்கையும் குழாய்நீரும்: நாம் கேட்க வேண்டிய கேள்வி எது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மகாவலியும் களனியும் பெருக்கெடுத்தன. வெள்ளம் வடிந்த பின்னர் எனது மாணவி ஒருவர் கேட்டார்: "சேர், குழாய்த்தண்ணியில அலுமினியம் கலக்கிறாங்களாம். குடிச்சா ஞாபகமறதி வருமாம். எங்க குடும்ப வட்ஸ்அப் குழுவில வந்திச்சு."

மறுநாள் கலங்கிய ஆற்றுநீரை இரண்டு போத்தல்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் சிறிதளவு படிகாரத்தைக் கரைத்துக் கலக்கி வைத்தோம். பாடம் முடிவதற்குள் அதில் மண் திரண்டு அடியில் படிந்தது. மற்றது அப்படியே கலங்கி நின்றது.

ஆற்றுநீரிலுள்ள நுண்ணிய களித்துணிக்கைகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாட்கணக்கில் மிதக்கும். படிகாரம் அல்லது பொலி அலுமினியம் குளோரைட் சேரும்போது அந்த மின்னேற்றம் நடுநிலையாகி, துணிக்கைகள் திரண்டு கனத்துப் படிகின்றன. பிறகு மணல் வடி. கடைசியில் குளோரின். நம் முன்னோர் தேற்றாங்கொட்டையை உரசி நீரைத் தெளியவைத்ததும் இதே நோக்கத்துக்குத்தான்.

இந்தப் படியை விட்டுவிட்டு குளோரினை மட்டும் போட்டால் போதாதா? போதாது. கலங்கலுக்குள் கிருமிகள் மறைந்துகொள்ளும், குளோரினும் வீணாகும்.

சேர்க்கும் அலுமினியத்தின் பெரும்பகுதி சேற்றோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்க பெரிய நிலையங்களாலும், 0.2 மில்லிகிராமுக்குள் இருக்க சிறிய நிலையங்களாலும் முடியும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். குடிநீரிலுள்ள அலுமினியம்தான் ஞாபகமறதி நோய்க்குக் காரணம் என்பது இதுவரை நிறுவப்படவில்லை.

அப்படியானால் கவலைப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது. 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்ட் பகுதியில் 20 தொன் அலுமினியம் சல்பேற்றுக் கரைசல் தவறான தாங்கியில் கொட்டப்பட்டு வீடுகளுக்குப் போனது. நீர் பாதுகாப்பானது என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் இரண்டு வாரங்களுக்கு மேலாக மறைக்கப்பட்டது. தவறும் மௌனமும் சேர்ந்தே அந்த அனர்த்தத்தை உண்டாக்கின.

வெள்ளகாலத்தில் ஆற்றின் கலங்கல் மணிக்கு மணி மாறும். அதற்கேற்ப மருந்தின் அளவையும் மாற்ற வேண்டும். குறைந்தால் கலங்கல் தங்கும். அளவு பிழைத்தால் அலுமினியம் எஞ்சும். எனவே "மருந்து போடுகிறார்களா?" என்பதல்ல நமது கேள்வி. "இன்று கலங்கல் எவ்வளவு, எஞ்சிய அலுமினியம் எவ்வளவு, குளோரின் எவ்வளவு?" என்பதே கேள்வி.

நீர்வழங்கல் சபை ஒவ்வொரு நிலையத்தினதும் இந்த மூன்று எண்களையும் தமிழிலும் சிங்களத்திலும் நாளாந்தம் வெளியிட வேண்டும். அதுவரை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ காரணம் கூறாமலேயே விண்ணப்பிக்கலாம்.

குழாய்நீர் கலங்கி வந்தால் தெளியவைத்து, துணியால் வடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், அலுமினியத்தை அகற்றாது. அதற்கு அந்த எண்களைக் கேட்டுப் பெறுவதே வழி.