முதல் பெஞ்சைத் தாண்டி

'உங்கள் வகுப்பில் மிகத் திறமையான மாணவர் யார்?' என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் பதில் வரும். வீட்டுப்பாடம் தவறாத, கையெழுத்து அழகான, கேட்ட கேள்விக்கு எதிர்பார்த்த பதிலைச் சொல்கிற குழந்தை. அது திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு வகைகளில் அது ஒன்று மட்டுமே.

இந்த ஆறு என்ற கணக்கு ஜார்ஜ் பெட்ஸ், மௌரீன் நைஹார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களுடையது. 1988இல் அவர்கள் மீத்திறன் கொண்ட மாணவர்களை மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்காமல், நடத்தையையும் மனநிலையையும் வைத்துப் பிரித்தார்கள். வெற்றி பெறுபவர், சவால் விடுபவர், ஒளிந்துகொள்பவர், விலகிப் போனவர், இரட்டை முத்திரை விழுந்தவர், தன் பாதையைத் தானே வகுப்பவர். (மூன்றாவது வகைக்கு மூலத்தில் உள்ள சொல்லைத் 'தலைமறைவானவர்' என்று பெயர்த்தால், போலீஸ் தேடும் ஆள் போல ஆகிவிடும்.) இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே குழந்தை ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று வகைகளுக்குள் போய் வரலாம். யார் நம் கண்ணில் படுவதே இல்லை என்று இந்தப் பட்டியல் கேட்க வைக்கிறது, அதுதான் அதன் பயன்.

சவால் விடுபவருக்கு நம் பள்ளிகளில் பழைய பெயர் ஒன்று உண்டு: அதிகப்பிரசங்கி. கரும்பலகையில் உள்ள பிழையை எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டும்; 'ஏன் அப்படி?' என்று மூன்று முறை கேட்கும். நாற்பது நிமிஷ வகுப்பில் ஐம்பது பேரை மேய்த்துப் பாடத்தையும் முடித்தாக வேண்டிய ஆசிரியரின் எரிச்சல் புரியாததல்ல. ஆனாலும் அதட்டி உட்கார வைக்கப்படுவது பல சமயம் கேள்வி கேட்கும் மூளைதான்.

ஒளிந்துகொள்பவர் இதற்கு நேர் எதிர். சத்தமே இருக்காது. ஆறாம் வகுப்பு வரை முதலில் கை தூக்கிய பெண் ஏழிலும் எட்டிலும் கை தூக்குவதை நிறுத்திவிடுகிறாள். பதில் தெரியாமல் அல்ல; தோழிகள் 'தலைக்கனம்' என்று ஒதுக்கிவிடக் கூடாதே என்றுதான். மதிப்பெண் சற்றுக் குறையும். 'வயசு அப்படி' என்று வீட்டிலும் பள்ளியிலும் விட்டுவிடுவார்கள். வேறு மாநிலத்திற்குப் பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளைக்கும் இதே போன்ற கதிதான். வகுப்பின் மொழி பிடிபடும் வரை அது பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தை மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள்.

இரட்டை முத்திரை விழுந்தவர் வாய்மொழியாகக் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்வார்; எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும். கற்றல் குறைபாட்டைச் சட்டம் தனியே பட்டியலிட்டது 2016இல்தான். குறைபாடும் கூர்மையும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம் என்பதைப் பல பள்ளிகள் இன்னும் நம்புவதில்லை. 'மெல்லக் கற்போர்' வரிசையில் உட்கார வைப்பதோடு கடமை முடிகிறது.

விலகிப் போனவருக்கு நம்மிடமே மிகப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று அந்த உதவியை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அவர் பிறந்த டிசம்பர் 22 இப்போது தேசியக் கணித தினம். ஒரு பாடத்தில் மேதையாகவும் மற்றவற்றில் தோல்வியாகவும் இருக்கும் பையனை இன்றைய விதிகள் மட்டும் விட்டுவைக்குமா என்று அந்த விழா மேடைகளில் யாரும் கேட்பதில்லை.

தேர்வு வைத்துக் கண்டுபிடிக்கலாமே? வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நவோதயா பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வில் ஐந்தாம் வகுப்புக் குழந்தை இரண்டு மணி நேரத்தில் 80 கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அது கதவைத் திறந்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அது பிடிப்பது பெரும்பாலும் முதல் வகையை. 1963இல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வோ, 2021 மார்ச்சோடு ஒப்புதல் காலம் முடிந்து நிறுத்தி வைக்கப்பட்டது. சோதனைகளின் லட்சணத்திற்கு கலிபோர்னியாவே சாட்சி. அங்கே 1921இல் லூயிஸ் டெர்மன் அறிவுக்கூர்மை எண்ணை வைத்து மேதைக் குழந்தைகளைத் திரட்டினார். எண் போதவில்லை என்று தள்ளப்பட்ட இரு பையன்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஒருவருக்கு 1956இல், மற்றவருக்கு 1968இல் இயற்பியல் நோபல் பரிசு. திரட்டி வைத்த கூட்டத்திலிருந்து யாருக்கும் நோபல் வரவில்லை.

மிஞ்சுவது ஆசிரியரின் கண். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கணக்குப் பயிற்சியில் கடைசியில் உள்ள கடினமான ஐந்தை முதலில் கொடுத்துப் பார்க்கலாம். அதைப் போட்டுவிடும் குழந்தைக்கு மற்ற இருபது எதற்கு? எழுத்துக்குப் பதில் வாயால், படமாக, செய்து காட்டி விடை தரவும் அனுமதிக்கலாம். யாரும் எதிர்பாராத பெயர்கள் மேலே வரும்.

தனித்திறன் கொண்ட மாணவரை அடையாளம் காண ஆசிரியருக்குப் பயிற்சி தர வேண்டும் என்று 2020 கல்விக் கொள்கை சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவோ அதே ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் தேர்தல் வேலைக்கும் அனுப்ப இடம் தருகிறது. அவர் திரும்பி வரும்போது வகுப்பில் அதே ஐம்பது பேர், முடிக்காத அதே பாடம்.