விஷத்துக்கும் ஒரு மீட்டர் வேண்டும்!

காவிரித் தண்ணீர் குடிக்கிறோம் என்பதில் நம்ம திருச்சிக்காரர்களுக்கு எப்பவுமே ஒரு பெருமை. ஆனால், அந்தக் காவிரிக்கு மேலே இருந்து என்னென்ன வந்து சேருகிறது என்பதையும் பெண்களாகிய நாம் கொஞ்சம் யோசிக்கணும்.

திருப்பூர் வழியாக வரும் நொய்யல் ஆறு, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பனியன் துணிக்குச் சாயம் போட்ட கழிவுநீரைப் பல வருஷம் இந்த ஆற்றில்தான் விட்டார்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போச்சு. நிலமெல்லாம் உப்பேறி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 என்று 2007-ல் படிப்படியாக ஏறும்படி அபராதம் போட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது.

6 பைசா கணக்கில் ஒரு லட்சம் லிட்டருக்கு 6,000 ரூபாய். சுத்தம் செய்கிற செலவைவிட அபராதம் மலிவு என்றால், காசைக் கட்டிவிட்டு ஆற்றில் விடத்தானே தோணும்? அது தண்டனை இல்லை, அனுமதிச் சீட்டு!

லிட்டர் கணக்கு மட்டும் போதாது. குழம்பில் உப்பு கூடிப்போனால் தண்ணீர் ஊற்றுகிறோம்; கரிப்பு குறையும், போட்ட உப்பு எங்கே போகும்? கழிவிலும் தண்ணீர் கலந்து 'அளவுக்குள்தான் இருக்கு' என்று காட்டலாம். ஆகவே, மொத்தம் எத்தனை கிராம் போகிறது என்றுதான் பார்க்கணும்.

ஜெர்மனியில் 1981-லிருந்து இப்படித்தான் வசூலிக்கிறார்கள். அங்கே 20 கிராம் பாதரசமும் 500 கிராம் குரோமியமும் ஒரே கட்டணம். கொடிய விஷத்துக்குக் கூடுதல் விலை. நம் நாட்டிலோ 1977-ல் வந்த தண்ணீர்த் தீர்வை, பயன்படுத்திய தண்ணீரின் அளவை வைத்துத்தான் போடப்பட்டது. ஜி.எஸ்.டி. வந்தபோது 2017-ல் அதுவும் போய்விட்டது.

நம் வீட்டில் ஒரு பல்பு கூடுதலாக எரிந்தாலும் கரண்டு மீட்டர் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆலைக் கழிவுக் குழாய்க்கு மட்டும் சலுகை எதற்கு? ஆரம்பத்திலேயே ஒழுங்காக அளந்து வசூலித்தால், கடைசியில் மூட வேண்டிய நிலை வராது. மூடினால், முதலில் அடுப்பு அணைவது அங்கே கூலி வேலை பார்க்கும் பெண்கள் வீட்டில்தானே!

தினமும் அளந்த கணக்கை ஆலை வாசலில் தமிழில் எழுதிப் போடட்டும். வசூலாகும் பணம், கிணறு கெட்டுப்போன கிராமங்களின் குடிநீருக்கே போகட்டும். சம்பந்தப்பட்டவர்கள் மனசு வைப்பார்களா?

— ஒரு இல்லத்தரசி, மன்னார்புரம், திருச்சி.