மாடி ஏறினவனுக்குத்தான் ஏணியாம்

டிஸ்கி: இது மொக்கைப் பதிவு இல்லை. நிறைய கணக்கு வரும். கணக்கு அலர்ஜி உள்ளவர்கள் இப்படியே அப்பீட் ஆகிக்கலாம் :-)

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு காரணம் சொல்லலாம். ஆனா நிஜக் காரணம் அக்கா வீடு வாங்கினதுதான். திருநின்றவூர்ல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், 28 லட்சம். மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல மெஷின் ஆபரேட்டர், கைக்கு 32,000 வரும். அக்கா ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர், 14,000. வருஷத்துக்கு ஐந்தரை லட்சம். ரெண்டு பேருக்கும் இந்தியாவுல எங்கயும் ஒரு செங்கல் கூட சொந்தமா கிடையாது. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா (நகர்ப்புறம்) 2.0, இப்படிப்பட்ட குடும்பத்துக்குன்னே போட்ட திட்டம்.

திட்டம் என்ன சொல்லுதுன்னா: 2024 செப்டம்பர் 1-க்கு அப்புறம் வாங்கின கடனா இருக்கணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள, வீட்டு விலை 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். இருந்தா முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தமா அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு வருஷத் தவணையா கடன் கணக்குல வரவு வைப்பாங்க. அதாவது வருஷத்துக்கு 36,000.

அடடா, நல்ல திட்டம்தானேன்னு நானும் நினைச்சேன். அக்கா வீட்டுத் தரையில உக்காந்து ஒரு நோட்டுல கூட்டிப் பாக்குற வரைக்கும்.

முப்பது லட்சம் வரைக்குமான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரை கடன் தரலாம்னு ரிசர்வ் வங்கி விதி. தரலாம்தான், தந்தே ஆகணும்னு இல்லை. அக்காவுக்கு வங்கி 80 சதவீதத்தோட நிறுத்திடுச்சு. ஆக 5.60 லட்சம் கைக்காசு. அதுக்கு மேல பத்திரச் செலவு. நம்மூர்ல பில்டர்கிட்ட முதல் தடவையா வாங்குற 50 லட்சத்துக்கு உட்பட்ட ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.68 லட்சம். இந்தச் செலவை வீட்டு மதிப்போட சேர்த்துக் கடன் தரக்கூடாதுன்னு 2012-லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. 2015-ல ஒரு சலுகை குடுத்தாங்க, வீடு 10 லட்சத்துக்குள்ள இருந்தா சேத்துக்கலாமாம். பத்து லட்சத்துக்கு சென்னைப் பக்கம் வீடு எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும். அப்புறம் வங்கிக் கட்டணம், வக்கீல், ஈபி, மெயின்டனன்ஸ் டெபாசிட்னு அரை லட்சம். ஆக மொத்தம் ஏழே முக்கால் லட்சம், அதுவும் பத்திரப்பதிவு நாளைக்குள்ள.

சீட்டுப் பணம், சேமிப்பு எல்லாம் சேத்து 2.25. அக்கா நகையை அடகு வச்சு 1.50. பொட்டி தட்டுற தம்பி குடுத்தது 1.00 (இன்னும் குடுத்திருக்கலாமேன்னு கேக்காதீங்க, படிப்புக் கடனை முடிச்சே நாலு மாசம்தான் ஆகுது). மிச்சம் மூணு லட்சம்? மாமாவுக்குத் தெரிஞ்ச ஒரு ஃபைனான்ஸ்காரர்கிட்ட ரெண்டு வட்டிக்கு.

வட்டிக்கு வாங்கிப் பழக்கமில்லாத மக்களுக்காக: ரெண்டு வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். மூணு லட்சத்துக்கு மாசம் 6,000, வருஷத்துக்கு 72,000. அசல்ல ஒரு பைசா குறையாது.

இப்போ ரெண்டு கோடு போட்டுப் பாருங்க. வீடு வாங்க உதவின்னு அரசு தர்றது வருஷத்துக்கு 36,000. அந்த உதவிக்குத் தகுதி வர்றதுக்காக, அதாவது கடன் வாங்குற நிலைக்கு வந்து சேர்றதுக்காக, அக்கா கட்டுற வட்டி வருஷத்துக்கு 72,000. எட்டரை சதவீதக் கடன்ல நாலு சதவீதத்தைத் தள்ளுபடி பண்றாங்க. இருபத்திநாலு சதவீதக் கடன் அவங்க கண்ணுக்கே தெரியலை. தெரியாது. ஏன்னா வங்கிக்குக் குடுத்த ஃபாரத்துல 'மார்ஜின் பணம் எங்கிருந்து'ங்கிற இடத்துல மாமா 'சொந்தச் சேமிப்பு'ன்னுதான் எழுதினார்.

என் கேள்வி இதுதான். அதே 1.80 லட்சத்தை, கூட ஒரு ரூபாய் வேண்டாம், அதையே பத்திரப்பதிவு அன்னிக்கு வங்கி வழியா நேரா விக்கிறவர் கணக்குக்கு அனுப்பினா என்ன குறைஞ்சுடும்? அக்கா வெளியில வாங்கற கடன் 1.20 லட்சமாச் சுருங்கியிருக்கும், மாசம் 3,600 மிச்சம். அரசுக்கு இதுல கூடுதல் செலவு, அஞ்சு வருஷத்துல தர்றதை முன்னாடியே தர்ற வித்தியாசம் மட்டும்தான்.

இதெல்லாம் நான் கண்டுபிடிச்சது இல்லை. சிங்கப்பூர்ல இருக்குற நம்ம பதிவர்களைக் கேளுங்க. அங்க முதல் வீடு வாங்குற, வருமானம் மாசம் 9,000 வெள்ளிக்கு மிகாத குடும்பத்துக்கு 2019-ல 80,000 வெள்ளி வரை மானியம் வச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல அதை 1,20,000 ஆக்கினாங்க. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். மத்திய சேமநிதிக் கணக்குக்கு வர்ற அந்தப் பணம் வீடு வாங்கும்போதே விலையில கழியும், மாசத் தவணை கட்ட அதைத் தொடக்கூடாது. நம்ம திட்டத்தை அப்படியே தலைகீழாக் கவுத்த மாதிரி. அமெரிக்காவுலயும் மாநில வீட்டு நிதி அமைப்புகள் பல, குறைஞ்ச வருமானக்காரங்களோட டவுன் பேமெண்ட்டுக்கு ரெண்டாவது கடன்னு ஒண்ணு தர்றாங்க. நிறைய இடத்துல வட்டி கிடையாது. வீட்டை விக்கும்போது திருப்பிக் கட்டினாப் போதும், சில ஊர்ல இத்தனை வருஷம் குடியிருந்தாத் தள்ளுபடியே.

உடனே ஒருத்தர் வருவார், "கைக்காசு போடாதவன் கடனைக் கட்டமாட்டான், 2008 ஞாபகம் இல்லையா"ன்னு. இருக்கு சாமி. அங்க நடந்த கூத்து என்னன்னா, வீட்டை விக்கிறவனே ஒரு தர்ம அமைப்பு வழியா வாங்குறவனுக்கு டவுன் பேமெண்ட் குடுத்து, அதை வீட்டு விலையில ஏத்திக்கிட்டான். அரசு காப்பீடு செஞ்ச கடன்கள்ல அந்த ஏற்பாட்டை 2008-லயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. பொதுப்பணத்துல தர்ற உதவி அப்புறமும் தொடருது. அதோட, எங்க அக்கா கைக்காசு போடலைன்னு யார் சொன்னா? கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான் மிச்சம்.

"மானியம் குடுத்தா பில்டர் விலையை ஏத்திடுவான்"னு இன்னொருத்தர். இதுல நியாயம் இருக்கு, மறுக்கலை. இங்கிலாந்துல 2013-லேர்ந்து 2023 வரைக்கும் புது வீட்டுக்கு 20 சதவீதம் அரசுக் கடன் குடுத்தாங்க, லண்டன்ல 40 வரைக்கும். விலையைத்தான் ஏத்திவிட்டுச்சுன்னு அவங்க நாடாளுமன்றத்துலயே விமர்சனம் வந்தது. ஆனா அங்க வருமான உச்சவரம்பே கிடையாது, வசதியுள்ளவனும் வாங்கினான். இங்க வருமானத்துக்கும் விலைக்கும் வரம்பு ஏற்கெனவே இருக்கு. அப்படியும் கொஞ்சம் ஏறலாம். சரி, இதே பில்டர் வட்டி மானியத்தைக் காட்டி விளம்பரம் பண்றப்போ ஏன் யாருக்கும் இந்தக் கவலை வரலை?

"வாடகைக்கு இருந்துட்டு எஸ்ஐபி போடச் சொல்லு"ன்னு எழுதுற நண்பர்களுக்கு: எனக்குச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஒம்பது வருஷத்துல அஞ்சு வீடு மாறி, பசங்களை மூணு ஸ்கூல் மாத்தின அக்காகிட்ட சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இது என் மேலேயே. நாளைக்கு நான் பெரிய கடன் போட்டு ஒரு வீடு வாங்கி, பழைய வரி முறையில இருந்தா, வருஷம் 2 லட்சம் வட்டி வரை வருமானத்துல கழிச்சுக்கலாம். 30 சதவீத வரிக்காரனுக்கு செஸ்ஸோட சேத்து 62,400 மிச்சம். வருஷா வருஷம், வட்டி அந்த அளவுக்கு இருக்குற வரைக்கும். வருமான உச்சவரம்பு கிடையாது, அஞ்சு வருஷக் கெடு கிடையாது. எனக்கு வந்தா அது வரிச்சலுகை. அக்காவுக்கு மொத்தமா ஒரு தடவை 1.80 குடுன்னு கேட்டா மட்டும் அது இலவசமாம்.

போன ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சினாங்க. பந்தி முடிஞ்சதும் மாமா மெதுவா என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனார். "ஏம்பா, அந்த 36,000 வந்தா எடுத்து ஃபைனான்ஸ்காரருக்குக் குடுத்துடலாமா?"

"முடியாது மாமா. அது நேரா வங்கிக் கடன்லதான் கழியும்."

"அப்படியா"ன்னார். வர்ற வாரத்துலேர்ந்து சனிக்கிழமையும் ஓவர்டைம் கேட்டிருக்காராம்.